இரண்டு ‘ஆர்/டி’ கார்களும் ஒரு குதிரைத்திறன் குழப்பமும்

யூடியூபில் ஒரு வகை வீடியோ அடிக்கடி கண்ணில் படும். ஒரு பக்கம் 1960களின் அமெரிக்க மசில் கார் உறுமிக்கொண்டு நிற்கும். பக்கத்திலேயே, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக வந்ததுபோல் சாதுவான ஒரு பிளக்-இன் ஹைபிரிட். பச்சை விளக்கு எரிந்ததும் சாது முந்திவிடும்.

பார்த்தவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். “பழைய காரெல்லாம் வெறும் சத்தம்தான்” என்பது ஒரு கட்சி. “375 குதிரைத்திறன் காரை 288 குதிரைத்திறன் கார் எப்படி ஜெயிக்கும்? ஏதோ தில்லுமுல்லு” என்பது இன்னொன்று. என்னைக் கேட்டால் இரண்டுமே தவறு, அதுவும் ஒரே காரணத்தால். அந்த 375ஐயும் 288ஐயும் ஒரே தராசில் நிறுத்த எண்கள் என்று இரு தரப்பும் நம்பிவிடுகின்றன.

இந்தக் கட்டுரைக்கு டாட்ஜ் நிறுவனத்தின் இரண்டு கார்களை எடுத்துக்கொள்கிறேன். 1968ஆம் ஆண்டின் சார்ஜர் ஆர்/டி ஒன்று. 2024 மாடலாக வந்த பிளக்-இன் ஹைபிரிட் கிராஸ்ஓவரான ஹார்னெட் ஆர்/டி மற்றது. மேலே சொன்ன 375 முதலாவதின் எண், 288 இரண்டாவதின் எண். ‘ரோடு’, ‘டிராக்’ என்ற இரண்டு சொற்களின் முதலெழுத்துகள்தான் ஆர்/டி. சாலைக்கும் ஆகும், பந்தயத் தடத்துக்கும் ஆகும் என்று பொருள். இரண்டின் பின்புறத்திலும் அதே எழுத்துகள்தான் ஒட்டியிருக்கின்றன, அதனால் ஒப்பிடக் கொஞ்சம் உரிமையும் இருக்கிறது.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

மசில் கார் என்பது விலை உயர்ந்த பந்தயக் கார் அல்ல. நடுத்தர அளவுள்ள சாதாரண அமெரிக்கக் காருக்குள், பெரிய காருக்கென்று செய்த வி-8 இன்ஜினைத் திணித்து, இளைஞர்களால் வாங்க முடிகிற விலையில் விற்றது. வி-8 என்றால் எட்டு சிலிண்டர்களும் நான்கு நான்காக ‘V’ வடிவில் சாய்ந்து நிற்கும் இன்ஜின்.

இந்த வகையைப் பிரபலமாக்கியது 1964இன் போன்டியாக் ஜிடிஓ. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு (சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு, சுமார் 5.4 லிட்டர்) மேற்பட்ட இன்ஜின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. அதன் பிரிவான போன்டியாக்கின் பொறியாளர்கள் 389 கன அங்குல இன்ஜினைத் தனி மாடலாகக் காட்டாமல், டெம்பெஸ்ட் காரில் ‘விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம்’ என்ற கூடுதல் வசதியாகக் காட்டி விதியைத் தாண்டினார்கள். முதல் ஆண்டிலேயே 32,000க்கும் மேல் விற்றது. அதற்குப் பிறகு யார் விதியைப் பற்றிப் பேசப்போகிறார்கள்?

ஹைபிரிட் என்றால் பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார். அதன் பேட்டரியை வீட்டு மின்சாரத்தில் செருகியும் சார்ஜ் செய்ய முடிந்தால் அது பிளக்-இன் ஹைபிரிட். கிராஸ்ஓவர் என்பது காரின் அடித்தளத்தின் மேல் கட்டிய, எஸ்யூவி போல் உயர்ந்த வண்டி. லாரி போலத் தனிச் சட்டத்தின் மேல் உடலை உட்கார வைத்தது அல்ல.

குதிரைத்திறன்: மொத்தச் சம்பளமா, கையில் வருவதா?

கிணற்றில் ராட்டினம் போட்டுத் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கனமான வாளியை உங்களால் இழுக்க முடிகிறது என்பது ஒரு கேள்வி. ஒரு நிமிடத்தில் எத்தனை வாளி வெளியே வருகிறது என்பது வேறு கேள்வி.

முதலாவதற்கு இயந்திர உலகில் பெயர் முறுக்குவிசை. மெக்கானிக்குகள் டார்க் என்பார்கள். அச்சைத் திருகும் பலம் அது. இரண்டாவதற்குப் பெயர் குதிரைத்திறன், அதாவது வேலை எவ்வளவு வேகமாக முடிகிறது என்பதன் அளவு. 76 கிலோ மூட்டையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கினால் ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன். பம்புசெட்டில் ‘5 ஹெச்பி மோட்டார்’ என்று எழுதியிருப்பதும் இதே ஹெச்பிதான்.

1968 சார்ஜர் ஆர்/டியின் இன்ஜின் 440 கன அங்குலம், அதாவது 7.2 லிட்டர். நம் அம்பாசடரின் பழைய பெட்ரோல் இன்ஜின் 1,489 சிசி. கிட்டத்தட்ட ஐந்து அம்பாசடர் இன்ஜின்களை ஒன்றாகக் கட்டினால்தான் இந்த அளவு வரும். நிறுவனம் சொன்ன திறன் 375 குதிரைத்திறன்.

சிக்கல் அந்த 375இல்தான் தொடங்குகிறது. அன்றைய அமெரிக்காவில் இன்ஜினைக் காரிலிருந்து தனியாக எடுத்து, சோதனை மேடையில் வைத்து அளந்தார்கள். ஏர் ஃபில்டர் இல்லை. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சுற்ற வேண்டியதில்லை. காரின் நெரிசலான புகைக்குழாய்க்குப் பதில் தாராளமான குழாய். இப்படி எல்லாச் சுமையையும் இறக்கிவைத்துவிட்டு அளந்ததற்கு ‘கிராஸ்’ குதிரைத்திறன் என்று பெயர். 1972 மாடலிலிருந்து அமெரிக்க நிறுவனங்கள் எல்லாத் துணைக்கருவிகளையும் மாட்டிய நிலையில் அளக்கும் ‘நெட்’ முறைக்கு மாறின. மாதச் சம்பளம் போலத்தான். நியமன உத்தரவில் எழுதியிருப்பது ஒன்று, பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவது வேறு.

வித்தியாசம் எவ்வளவு? செவர்லே கமாரோ இசட்28 நல்ல சாட்சி. 1971இல் அதன் இன்ஜினுக்கு 330 குதிரைத்திறன் என்று போட்டார்கள். 1972இல் அதே இன்ஜினுக்கு 255. இன்ஜினை யாரும் தொடவில்லை, அளவுகோல்தான் மாறியது.

அதே விகிதத்தைச் சார்ஜரின் 375க்குச் சும்மா போட்டுப் பாருங்கள். சுமார் 290 வரும். இது என் கணக்கு, அளந்து சொன்னது அல்ல. இன்ஜினுக்கு இன்ஜின் விகிதம் மாறும். ஆனாலும் ஹார்னெட்டின் 288க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறதே, அதைக் கவனியுங்கள். 375க்கும் 288க்கும் நடுவே இருந்ததாக நினைத்த பள்ளத்தில் பெரும்பகுதி அளக்கும் முறையால் வந்தது.

சுருக்கமாக: முறுக்குவிசை திருகும் பலம், குதிரைத்திறன் வேலை முடியும் வேகம். 1971 வரையிலான அமெரிக்க விளம்பர எண்கள் பெரும்பாலும் பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம்.

பெரிய அடுப்பும் துருத்தி வைத்த சின்ன அடுப்பும்

இன்ஜின் ஒரு அடுப்பு. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அந்த அளவுக்குத்தான் எரிபொருளை எரிக்க முடியும். அதிகம் எரிக்க வேண்டுமானால் அடுப்பைப் பெரிதாக்கலாம். இது மசில் காரின் வழி. 7.2 லிட்டர் சிலிண்டர்கள் தாமாகக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். கார்புரேட்டர் அந்தக் காற்றோட்டத்தில் பெட்ரோலைத் தூவிவிடும். கணினி ஏதுமில்லை. காற்று ஓடும் வேகமே பெட்ரோலை இழுக்கிறது. எளிமையான, அழகான ஏற்பாடு. கொஞ்சம் ஊதாரித்தனமானதும்கூட.

இன்னொரு வழி, அடுப்பைச் சின்னதாகவே வைத்துக்கொண்டு கொல்லன் உலைபோலத் துருத்தி வைப்பது. ஹார்னெட்டின் பெட்ரோல் இன்ஜின் வெறும் 1.3 லிட்டர். அதற்குத் துருத்தி டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னக் காற்றாடி சுழலும், அது சுழலும்போது புதிய காற்றை அமுக்கி உள்ளே தள்ளும்.

துருத்திக்கு ஒரு குறை உண்டு. புகை போதுமான அளவு வந்தால்தான் அது சுழலும், இன்ஜின் வேகம் எடுத்தால்தான் புகை வரும். அதனால் ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே ஒரு சின்னத் தயக்கம் இருக்கும். ஹைபிரிட்டின் மின்மோட்டார் வந்து உட்காருவது சரியாக இந்தத் தயக்கத்தில்தான்.

மோட்டார் ஏன் முந்திக்கொள்கிறது

நின்றுகொண்டிருக்கும் பெட்ரோல் இன்ஜினால் எதையும் தள்ள முடியாது. முதலில் அதை யாராவது சுற்றிவிட வேண்டும். உயிர் வந்த பிறகும் குறைந்த சுழற்சியில் பலம் குறைவு. சார்ஜரின் 440 இன்ஜின் முழு முறுக்குவிசையைத் தருவது நிமிடத்துக்கு 3,200 சுற்றில், முழுக் குதிரைத்திறனைத் தருவது 4,600 சுற்றில். அங்கே போய்ச் சேர ஒரு நேரம் வேண்டும். நடுவில் கியர் மாறும்போது இன்ஜின் சுழற்சி சட்டென்று இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

மின்மோட்டாருக்கு இந்த வார்ம்-அப் எல்லாம் கிடையாது. கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் காந்தப்புலம் உண்டாகிறது, அது சுழலியைப் பிடித்து இழுக்கிறது. காரில் வைக்கும் மோட்டாரின் முழு முறுக்குவிசையும் பூஜ்ஜியச் சுற்றிலேயே கிடைத்துவிடும். மிக்ஸியின் குமிழைத் திருப்பிய கணத்தில் மாவு சுவரில் தெறிக்கிறதே, அந்த உடனடித்தன்மை.

ஹார்னெட்டில் ஏற்பாடு இப்படி: 1.3 லிட்டர் இன்ஜின் முன் சக்கரங்களைச் சுற்றுகிறது. பின் சக்கரங்களை 90 கிலோவாட் மோட்டார் ஒன்று தனியாகச் சுற்றுகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இணைப்புத் தண்டு எதுவும் ஓடவில்லை. மிதித்ததும் பின்னால் மோட்டார் பாயும். முன்னால் டர்போ மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்துகொள்ளும். இரண்டும் சேர்ந்து 383 பவுண்டு-அடி முறுக்குவிசை. சார்ஜருக்கு 480, அதுவும் பழைய கிராஸ் கணக்கில். தாளில் சார்ஜர்தான் பெரியது. ஆனால் ஹார்னெட்டின் பலம் நான்கு சக்கரங்களுக்குப் பிரிந்து, முதல் நொடியிலிருந்தே கிடைக்கிறது.

இன்னொன்று, டயர். சார்ஜர் பலத்தையெல்லாம் இரண்டு பின் சக்கரங்களில் கொட்டியது. கனமான இன்ஜினோ முன்னால் உட்கார்ந்திருந்தது. டயர்கள் அன்றைய பயஸ்-பிளை வகை, இன்றைய ரேடியல் டயர்களோடு பார்த்தால் பிடிப்பு குறைவு. விளைவு, பலத்தின் ஒரு பகுதி தரையைத் தள்ளாமல் ரப்பரைத் தேய்த்துப் புகையாகப் போனது. படங்களில் அந்தப் புகை அழகாகத்தான் இருக்கிறது. ஸ்டாப்வாட்சுக்கு அது பிடிக்காது.

ஸ்டாப்வாட்ச் சொல்வதும் மறைப்பதும்

அமெரிக்கர்களின் வழக்கமான அளவு, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் (சுமார் 96 கி.மீ.) வேகத்தை எட்ட ஆகும் நேரம். ஹார்னெட் ஆர்/டிக்கு 5.6 நொடி என்று நிறுவனம் சொல்கிறது. 440 இன்ஜின் வைத்த பழைய சார்ஜருக்கு ஆறு, ஆறரை நொடி ஆகும். அரை நொடி, மிஞ்சினால் ஒரு நொடி வித்தியாசம். 56 வருட இடைவெளிக்கு இது ஒன்றுமே இல்லை. பழைய காரைக் கேலி செய்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம்.

ஹார்னெட்டின் 5.6 நொடிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ‘பவர்ஷாட்’ என்ற வசதியை இயக்கினால்தான் அந்த எண். அது 15 நொடிக்குக் கூடுதல் பலம் தரும். பிறகு ஓய்வு கேட்கும். பேட்டரியிலிருந்து அத்தனை மின்சாரத்தைத் தொடர்ந்து உறிஞ்சினால் சூடாகிவிடும் என்பதுதான் விஷயம்.

அந்தக் காலத்து எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 1964 மார்ச்சில் ‘கார் அண்ட் டிரைவர்’ இதழ், போன்டியாக் ஜிடிஓ 60 மைல் வேகத்தை 4.6 நொடியில் தொட்டதாக எழுதியது. அமெரிக்காவே வாயைப் பிளந்தது. அந்தச் சோதனைக் காரில் இருந்தது விற்பனைக்கு வந்த 389 அல்ல, அதைவிடப் பெரிய 421 கன அங்குல இன்ஜின் என்று போன்டியாக்கின் விளம்பரப் பணியில் இருந்த ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார்.

கூட்டினால் தப்பு வரும் கணக்கு

ஹைபிரிட் பக்கத்திலும் எண்கள் யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. டொயோட்டா ராவ்4 பிரைம் என்ற பிளக்-இன் ஹைபிரிட்டைப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜின் 177 குதிரைத்திறன், முன் மோட்டார் 179, பின் மோட்டார் 54. கூட்டினால் 410. டொயோட்டா சொல்வதோ 302.

ஏன்? மோட்டார் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அந்தக் கணத்தில் பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைத் தர முடியுமோ அவ்வளவுதான் அது வேலை செய்யும். வீட்டில் எத்தனை குழாய் இருந்தாலும் மாடித் தொட்டியிலிருந்து வரும் பைப் ஒன்றுதானே. எல்லாவற்றையும் திறந்தால் எல்லாவற்றிலும் ஓட்டம் குறையும்.

ஆகவே பிளக்-இன் ஹைபிரிட்டின் குதிரைத்திறன் ஒரு நிபந்தனையோடு கூடிய வாக்கு: பேட்டரியில் சார்ஜ் இருந்தால் இவ்வளவு. மசில் காரின் எண்ணுக்கு இந்த நிபந்தனை இல்லை. டாங்க்கில் கடைசி லிட்டர் இருந்தாலும் அதே உறுமல்தான். அளக்கும் முறையில் பழைய எண் ஏமாற்றியது, நேரத்தைப் பொறுத்துப் புதிய எண் நழுவுகிறது.

மைலேஜ்: செருகினால் ஒன்று, செருகாவிட்டால் வேறு

ஹார்னெட்டின் பேட்டரி 15.5 கிலோவாட்-மணி. நம் மின்கட்டண மொழியில் 15.5 யூனிட். முழு சார்ஜில் சுமார் 51 கி.மீ. பெட்ரோல் இல்லாமல் ஓடும் என்பது அமெரிக்க அரசின் மதிப்பீடு.

ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றலை யூனிட்டில் சொன்னால் சுமார் 9. ஆக அந்தக் கனத்த பேட்டரி முழுவதிலும் இருப்பது இரண்டு லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவான ஆற்றல்! அதை வைத்து அது 51 கி.மீ. போகிறது. சார்ஜரோ லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர்தான் கொடுக்கும், அதே ஆற்றலில் பத்து கி.மீ. தாண்டாது. பெட்ரோல் இன்ஜினில் ஆற்றலின் பெரும்பங்கு சூடாகி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடுகிறது. மோட்டாரில் அந்த இழப்பு மிகக் குறைவு. (மின்சாரம் நிலக்கரியில் தயாரானால் அந்தச் சூடு அனல்மின் நிலையத்திலேயே போயிருக்கும். அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.) போதாததற்கு, பிரேக் பிடிக்கும்போது மோட்டாரையே ஜெனரேட்டராகச் சுற்றவிட்டு ஓட்டத்தின் ஆற்றலைக் கொஞ்சம் பேட்டரிக்குத் திருப்பிக்கொள்கிறார்கள். இதற்கு ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் என்று பெயர். சார்ஜரின் டிரம் பிரேக்குகள் அதே ஆற்றலை வெறும் சூடாக்கிக் காற்றில் விட்டன.

சரி, செருகாமலே ஓட்டினால்? அங்கேதான் பிளக்-இன் ஹைபிரிட்டின் மானம் போகிறது. பேட்டரி தீர்ந்த பிறகு ஹார்னெட் லிட்டருக்குச் சுமார் 12 கி.மீ. தரும் பெட்ரோல் கார், அவ்வளவுதான். அதற்கு மேல் பேட்டரியின் எடையையும் சுமந்துகொண்டு ஓடும். இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2021இல் பதிவான கார்கள் தமக்குள் சேமித்து வைத்திருந்த நிஜ எரிபொருள் கணக்குகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட்டுகளின் நிஜ கார்பன் டை ஆக்சைடு வெளியீடு, ஆய்வகச் சோதனை எண்ணைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு இருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு யாரும் செருகவில்லை என்பது இதில் முக்கியக் காரணம்.

சுருக்கமாக: தினமும் நாற்பது, ஐம்பது கி.மீ. ஓட்டி இரவில் செருகி வைப்பவருக்கு இது ஏறக்குறைய மின்சாரக் கார். செருகாதவருக்கு இது கனமான பெட்ரோல் கார்.

‘அந்தக் காலத்து இரும்பு’ என்ற நம்பிக்கை

பழைய காரின் தகடு கனமானது, மோதினால் அதுதான் காப்பாற்றும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2009இல் 1959 செவர்லே பெல் ஏரையும் 2009 செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய காரின் ஓட்டுநர் அறை நொறுங்கிப் பொம்மை ஓட்டுநரை நசுக்கியது. புதிய காரில் அறை அப்படியே நின்றது. மூக்கு கசங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும்படி இன்றைய கார்களை வடிவமைக்கிறார்கள். அன்றைய கார்கள் அதிர்வை ஆளிடமே ஒப்படைத்தன. பெல் ஏர் மசில் கார் அல்ல, சார்ஜரைவிட ஒன்பது வருடம் மூத்தது என்பது உண்மைதான். இருந்தாலும் காற்றுப்பை, ஏபிஎஸ் எதுவும் சார்ஜரிலும் இல்லை.

கெட்டுப்போனால்

ரசிகர்கள் பழைய சார்ஜரைக் கொண்டாடுவதற்கு எனக்குப் பிடித்த காரணம் வேகம் அல்ல. பானெட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று தெரியும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ ஸ்க்ரூடிரைவரும் கொஞ்சம் பொறுமையும் போதும். அதனால்தான் ஐம்பது வருடம் தாண்டியும் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. ஹார்னெட் இத்தாலியில் தயாராகி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது, 2025 மாடலோடு நிறுத்திவிட்டார்கள். அதன் மென்பொருளையும் பேட்டரிப் பெட்டியையும் 2075இல் யார் பழுதுபார்ப்பார்கள்?

இரண்டுக்கும் பொதுவாக ஒரு பாகம் உண்டு: 12 வோல்ட் பேட்டரி. 15.5 யூனிட் பெரிய பேட்டரி தனியாக இருந்தாலும், கதவுப் பூட்டையும் கணினியையும் எழுப்பிவிட ஹார்னெட்டுக்கும் அந்தச் சின்னப் பேட்டரிதான் வேண்டும். அது இறங்கிவிட்டால் இரண்டு ஆர்/டியும் ஒன்றுபோல ஊமையாக நிற்கும். பெரிய பேட்டரி முழு சார்ஜில் இருந்தாலும் ஹார்னெட் அசையாது. சார்ஜர் நான்கு கியர் மேனுவலாக இருந்து, பக்கத்தில் நாலு பேரும் லேசான சரிவும் இருந்தால், தள்ளி ஸ்டார்ட் பண்ணிவிடலாம்.